எஞ்சின் தண்ணீரில் ஒரு தோட்டம்

முதல் செடியை நட்ட அன்றே முத்துப்பேச்சிக்கு மெமோ கொடுத்தார்கள். ரயில்வே நிலத்தில் அனுமதி இல்லாமல் குழி தோண்டியது குற்றம் என்று அதில் எழுதியிருந்தது. அவள் நட்டது ஒரு பூவரசங் கம்பு. தோண்டியது ஒரு முழம். வேலையில் சேர்ந்து அப்போது பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

1983ஆம் வருஷம் அது. அவள் புருஷன் வெள்ளத்துரை தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவன். மஞ்சள் காமாலை முற்றி, மதுரைக்குக் கொண்டு போகும் வழியிலேயே இறந்துபோனான். அவன் இறந்ததற்காக அவளுக்கு ஆவாரங்குளம் ஸ்டேஷனில் வேலை கிடைத்தது. பயணிகளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், பிளாட்பாரத்தைக் கூட்ட வேண்டும். அவளுக்கு வயது இருபத்தொன்பது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தாள். மகள் தங்கச்செல்வி இரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

மெமோ கொடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் வயதானவர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் எந்த வம்பும் இல்லாமல் போக வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

"ஒன்ன வேலைக்கு வச்சது மனுசருக்குத் தண்ணி குடுக்கத்தான். மரத்துக்கு இல்ல" என்றார்.

"மனுசரு நிக்கதுக்கு ஒரு நெழல் வேண்டாமா சார்? வெயில்ல நின்னுக்கிட்டுத்தான் எங்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிக்காக."

"அதுக்கு மேல ஆபீஸ் இருக்கு. அவுக பாத்துக்கிடுவாக."

கம்பைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினாள். அவர் சாப்பிடப் போன நேரத்தில் பிளாட்பாரத்தின் மறு கோடியில், கரிச் சாம்பல் கொட்டும் இடத்துக்குப் பின்னால், அதே கம்பைத் திரும்ப ஊன்றினாள்.

ஆவாரங்குளம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருந்தது. ஊர் ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல் தள்ளி. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் காலை விடாது. வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஏறி இறங்க ஆள் அதிகம் இல்லாத அந்த ஸ்டேஷனில் எல்லா வண்டியும் பத்து நிமிஷம் நின்றதற்குக் காரணம் அங்கிருந்த கிணறு. அந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உவர்த் தண்ணீர்தான். ரயில்வே வெட்டிய கிணறு மட்டும் எப்படியோ நல்ல தண்ணீர் ஊற்றில் விழுந்துவிட்டது. பம்பு வைத்து மேல்தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து யானைத் தும்பிக்கை மாதிரித் தொங்கும் பெரிய குழாய் வழியாகக் கரி எஞ்சினுக்கு ஊற்றுவார்கள். ஊர்ப் பெண்களும் பம்பு ரூம் குழாயில் குடத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். யாரும் தடுத்ததில்லை.

எஞ்சினுக்கு ஊற்றும்போது ஒவ்வொரு தடவையும் நிரம்பி வழியும். ஒரு நாளைக்கு நாலு வண்டி. தடவைக்கு எட்டுப் பத்துக் குடம் தண்ணீர் ஜல்லிக் கல்லுக்குள் இறங்கிக் காணாமல் போகும். முத்துப்பேச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து வளர்ந்தவள் அவள். அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

பம்பு ஓட்டும் அருஞ்சுனையிடம் போனாள். அவர் ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேச மாட்டார்.

"அண்ணே, வழியுற தண்ணிய ஒரு வாய்க்கா வெட்டி அங்கிட்டு விட்டா யாருக்கும் நட்டமா?"

"எம் பொறுப்பு எஞ்சின் தொட்டி வரைக்குந்தான். கீழ விழுந்த தண்ணிய நான் பாக்கவும் இல்ல, பாக்கவும் மாட்டேன்" என்றார் அவர். அதுதான் அவர் கொடுத்த அனுமதி.

வாய்க்கால் வெட்டினாள். ஆனால் கரிசல் மண்ணில் தண்ணீர் நின்று, வைத்த செடியெல்லாம் வேர் அழுகிச் செத்தது. முதல் வருஷம் இருபது செடி போயிற்று. இரண்டாம் வருஷம் எஞ்சின் சாம்பலை மண்ணில் கலந்து பார்த்தாள். மண் பொலபொலவென்று ஆனது. ஊரில் ஆடு வைத்திருந்த முத்துத்தாயிடம் ஆட்டுப் புழுக்கை கேட்டாள். முத்துத்தாய் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள். வாய் பெரியது.

"சும்மா தரமாட்டேன். ஸ்டேஷன்ல அறுக்கிற புல்லப் பூராவும் எனக்குத்தான் போடணும்."

"போடுதேன். ஆனா ஒன் ஆடு ஒண்ணுகூட அங்கிட்டு வரக் கூடாதுக்கா."

"ஆட்டுக்கு நீ போயிச் சொல்லு" என்றாள் முத்துத்தாய்.

ஆடு வந்தது. வாரத்துக்கு ஒரு முறையாவது வந்தது. கருவேல முள்ளை வெட்டி வேலி போட்டால் கேங்மேன்கள் அதை எடுத்து அடுப்பெரித்தார்கள். முத்துப்பேச்சி தினமும் யாரிடமாவது சண்டை போட்டாள். ஆனாலும் வேம்பும் புங்கையும் பூவரசும் தலையெடுத்தன.

பழைய மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போக, 1985இல் வேதமுத்து வந்தார். சாயர்புரம் பக்கத்துக்காரர். வந்த முதல் நாளே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அவள் பயந்துபோய் மெமோவைப் பற்றித் தானாகவே சொல்லிவிட்டாள். அவர் அந்தக் கோப்பை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு, "நான் இதப் பாக்கல. நீ வை" என்றார். பெயர்ப் பலகையைச் சுற்றிப் பாத்தி போடச் சொன்னார். செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம் எல்லாம் அவர் வீட்டிலிருந்து வந்தவை. அங்கே வேலை பார்த்த பதினான்கு வருஷத்தில் அவள் நிம்மதியாக இருந்தது அந்த மூன்று வருஷந்தான் என்று சொல்லலாம். அதற்கும் ஒரு முடிவு வந்தது. முடித்து வைத்தவரும் வேதமுத்துதான்.

தண்டவாளச் சரிவில் அங்கங்கே கண்வலிக் கிழங்குக் கொடி இருந்தது. காந்தள் என்று புத்தகத்தில் சொல்வார்களே, அதுதான். ஊருக்குள் அதை வைத்திருக்க மாட்டார்கள். கிழங்கு விஷம். ஆடு மாடு மேய முடியாத ரயில்வே நிலத்தில் மட்டும் அது மிஞ்சியிருந்தது. ஐப்பசி மழையில் முளைத்து, கார்த்திகையில் தீப்பிடித்த மாதிரிப் பூத்து, தை மாதத்தில் காய்ந்து மண்ணுக்குள் போய்விடும். மாசியில் கேங்மேன்கள் பாதை ஓரத்துப் புல்லைக் கொளுத்துவார்கள். அதோடு, அருப்புக்கோட்டையிலிருந்து மருந்துக் கடைக்காக யார் யாரோ வந்து கிழங்கைத் தோண்டிக்கொண்டு போனார்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு வருஷம் பூ குறைந்துகொண்டே வந்தது.

முத்துப்பேச்சி முப்பத்திரண்டு கிழங்கு எடுத்து வந்து பெயர்ப் பலகைக்கு அடியில் வைத்தாள். அந்தக் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும். நுனியில் ஒரே ஒரு முளைதான். அந்த நுனி ஒடிந்தால் கிழங்கு முழுசாக இருந்தும் பயனில்லை. பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தாள். முதல் வருஷம் இலை மட்டும் வந்தது. அடுத்த வருஷம் ஏழெட்டுப் பூ. மூன்றாம் வருஷம் கார்த்திகையில் பலகை முழுக்க ஏறிப் பூத்தது. எஞ்சின் டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாத ஆள் இல்லை.

அந்த வருஷம், அதாவது 1988 மாசியில், பெரிய ஆபீசர் பரிசோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. நல்ல தோட்டம் வைத்திருக்கும் ஸ்டேஷனுக்குப் பரிசு. அந்த வாரம் தங்கச்செல்விக்குக் காய்ச்சல் வந்து, முத்துப்பேச்சி இரண்டு நாள் லீவு போட்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்றாம் நாள் காலை வண்டியில் திரும்பி வந்து இறங்கியபோது பெயர்ப் பலகைக்கு அடியில் நாற்பது குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக இருந்தன. மதுரையிலிருந்து வாடகைக்குப் பிடித்து, சாமான் ஏற்றும் பிரேக் வேனில் ஏற்றிக் கொண்டு வந்தவை. பாத்தியை ஒரு அடிக்குக் கொத்தி, மட்டம் செய்து, மணல் பரப்பியிருந்தார்கள்.

"சார், இங்க இருந்த மண்ணு எங்க?"

"அந்த வெறும் மண்ணா? சாம்பக் குழியில போடச் சொல்லிட்டேன். ஏன்?" என்றார் வேதமுத்து. சந்தோஷமாக இருந்தார்.

"அது வெறும் மண்ணு இல்ல சார். அடியில கெழங்கு இருந்துச்சு."

அவர் முகம் மாறிவிட்டது. "கொடி காஞ்சு போச்சே, மேல ஒண்ணுமே இல்லியேம்மா. ஆபீசர் வந்து வெறும் மண்ணப் பாத்தா என்ன நெனைப்பாரு?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார். ரெண்டு நாளு பொறுத்திருந்தா நான் வந்திருப்பேன்ல?"

அவள் சாம்பல் குழியில் இறங்கி மத்தியானம் வரை சலித்தாள். முப்பத்திரண்டில் நுனி ஒடியாமல் கிடைத்தது நாலு. பரிசோதனை நடந்தது. ஆவாரங்குளத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழில் வேதமுத்து பெயர் இருந்தது. குரோட்டன்ஸ் வாங்கின இடத்துக்கே திரும்பிப் போயிற்று. வேதமுத்து சான்றிதழைக் கண்ணாடி போட்டு எடுத்து வந்து, "இது ஒனக்குச் சேர வேண்டியது, வாங்கிக்கோ" என்று நீட்டினார்.

"அதுல இருக்கது மதுரைக்காரன் தொட்டி சார். எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் கூட்டப் போய்விட்டாள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றியிருப்பாள். அதுவும் முடியாமல் போனதுதான் அவளை அரித்தது. மிஞ்சிய நாலு கிழங்கையும் வேலிக்கு அப்பால் யாருக்கும் சொல்லாமல் வைத்தாள். இரண்டு முளைத்தன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டீசல் எஞ்சின் வந்தது. முதல் டீசல் வண்டி வந்த அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. வண்டி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போயிற்று. முத்துப்பேச்சி தும்பிக்கைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

இரண்டு மாதத்தில் கரி எஞ்சின் முழுக்க நின்றது. பம்பைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கிணற்றின் மேல் கம்பி வலை போட்டுப் பூட்டினார்கள். அருஞ்சுனையை மானாமதுரைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவர் சொன்னார்: "கெணத்துல தண்ணி அப்படியேதான் கெடக்கு தாயி. சாவிதான் ஆபீசுக்குப் போகுது."

அப்போது தோட்டத்தில் நாற்பத்திரண்டு மரம் இருந்தது. பூச்செடி தனி. வேதமுத்து ஓய்வு பெற்று, அவர் இடத்துக்குச் சௌந்தரபாண்டியன் என்ற இளவயது மாஸ்டர் வந்திருந்தார். சட்டப்படி நடப்பவர். கிணற்றுச் சாவி கேட்டு முத்துப்பேச்சி அவரிடம் போனாள்.

"கெணறு கட்டட இலாகாவுக்குச் சொந்தம். தோட்டம் நம்ம இலாகா. நான் எழுதுறேன்" என்றார். எழுதவும் செய்தார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. கிணற்றுத் தண்ணீர் எஞ்சின் உபயோகத்துக்காக ஒதுக்கப்பட்டது. எஞ்சின் உபயோகம் நின்றுவிட்டதால் ஒதுக்கீடும் நின்றுவிட்டது. தோட்டத்துக்கு என்று ஒதுக்கீடு எதுவும் கிடையாது. இரண்டாவது கடிதம் போயிற்று. அதே பதிலை வேறு தேதி போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

பயணிகளுக்குக் கொடுக்கும் தண்ணீர் வாரம் ஒரு முறை டேங்கர் வண்டியில் வந்தது. அதில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கிணற்றின் வலைக்குள் எட்டிப் பார்த்தால் நாற்பது அடிக்குக் கீழே தண்ணீர் பளபளத்தது. வலையின் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது. அதில் குடம் நுழையாது, செம்பு நுழையாது. பவுடர் டப்பா நுழைந்தது. டப்பாவின் மூடியைப் பிடுங்கி, அடியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, கயிற்றில் இறக்கினாள். ஒரு இழுப்புக்கு அரை லிட்டர் வந்தது. காலை வண்டி போனதும் உட்கார்ந்தால் அறுபது இழுப்பு இழுப்பாள். இரண்டு குடம் சேரும். உள்ளங்கை தோல் உரிந்து வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

இரண்டு குடத்தை நாற்பத்திரண்டு மரத்துக்கு எப்படிப் பங்கு வைப்பது? பூச்செடியை முதலில் கைவிட்டாள். கனகாம்பரம் ஒரு வாரத்தில் போயிற்று. செம்பருத்தி போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டு, சுற்றுவழியில் போய் வந்தாள். அப்புறம் இளங்கன்றுகளைக் கைவிட்டாள். இன்னும் ஒரு கோடையைத் தாண்டினால் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று பட்ட மரங்களுக்கு மட்டும் ஊற்றினாள்.

ஒரு நாள் சௌந்தரபாண்டியன் பார்த்துவிட்டார். ஓடி வந்தார்.

"எந்திரி! எந்திரின்னா! அந்த வல துருப்பிடிச்சுக் கெடக்கு. ஒடஞ்சு நீ உள்ள போயிட்டா ஒம் புள்ளைக்கு யாரு இருக்கா? நான்ல பதில் சொல்லணும்?"

"சாவி குடுத்தா நான் ஏன் சார் இப்படி இழுக்கேன்?"

"எங்கிட்ட சாவி இல்லம்மா. சத்தியமா இல்ல."

அவர் சொன்னது உண்மை. மறுவாரம் ஆட்கள் வந்து வலைக்கு மேல் தகரத்தைப் போட்டு வெல்டிங் வைத்துவிட்டுப் போனார்கள். கிணற்றை மூடுவதற்கு மட்டும் ஒரே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது.

குடத்தை எடுத்துக்கொண்டு ஊர் அடிபம்புக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே முப்பது குடம் வரிசையில் இருந்தது. பம்பு ரூம் குழாய் நின்றுபோனதில் ஊரும் உவர்த் தண்ணீருக்கு வந்திருந்தது. வரிசையில் நின்ற முத்துத்தாய் சத்தம் போட்டாள்.

"இங்க புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சவே தண்ணியக் காணோம். ரயில்வேக்காரிக்குப் பூச்செடி கேக்குதாக்கும்? போடி அங்கிட்டு."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முத்துப்பேச்சி வெறுங்குடத்தோடு திரும்பினாள். அவர்கள் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் அழுகை வந்தது.

ஆனால் பாதி வழியில் வேறொன்று தோன்றி அப்படியே திரும்பி நடந்தாள். ஸ்டேஷன் கிணறு தோட்டத்துக்கென்று கேட்டால் கிடைக்காது. ஊர் குடிக்கக் கேட்டால்? அடிபம்படியில் நின்று அதை எடுத்துச் சொன்னாள். முத்துத்தாய்தான் முதலில் தலையாட்டினாள். இரண்டு பேருமாக வீடு வீடாகப் போய் நூற்றுச் சொச்சம் கையெழுத்தும் ரேகையும் வாங்கினார்கள். மனுவை முத்துப்பேச்சியே எழுதினாள். கடைசி வரியாக, 'மீதமாகும் தண்ணீரை ஸ்டேஷன் மரங்களுக்கு விட வேண்டும்' என்றும் எழுதினாள்.

டைப் அடித்துக் கலெக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தவர் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நகலை வாங்கிப் பார்த்தபோது அந்தக் கடைசி வரி அதில் இல்லை.

"பெரிய எடத்துல போயி மரம் செடின்னு எழுதுனா சிரிப்பாக தாயி. நம்ம மனுவத் தூக்கி ஓரமாப் போட்ருவாக. அதான் எடுத்துட்டேன்" என்றார் அவர். நல்லெண்ணத்தில்தான் செய்திருந்தார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1995இல் உத்தரவு வந்தது. கிணறு ஊருக்குக் கிடைத்தது. புதுப் பம்பு வைத்து, பூமிக்கு அடியில் குழாய் போட்டு, ஊருக்கு நேராகத் தண்ணீர் கொண்டு போவது திட்டம். ஸ்டேஷனுக்குப் பயணிகள் குடிக்க ஒரு குழாய். அதற்கும் பூட்டு; சாவி முத்துப்பேச்சியிடம் இருந்தாலும், குடிக்க மட்டும்தான் திறக்கலாம்.

குழாய் பதிக்க வந்த காண்டிராக்டர் தோட்டத்துக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டார். முத்துப்பேச்சி கோட்டின் மேல் போய் நின்றாள்.

"பத்தடி தள்ளித் தோண்டுங்க. அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் பொட்டல்."

அவர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். "கோடு இங்கதான் போகுது பாருங்க. வளைக்கிற எடத்துல முட்டிக் குழாய் வைக்கணும். முட்டி இதுல போடல."

"இதுல மரம் போட்ருக்காகளா?"

"இல்ல."

"அப்ப இத வரஞ்சவுக இங்க வந்து பாக்கவே இல்ல."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவள் கண்ணெதிரே ஒன்பது மரத்தின் வேரை அறுத்துக்கொண்டு பள்ளம் போயிற்று. அடுத்த காற்றில் ஆறு மரம் சாய்ந்தது.

அவள் கேட்டு, அவள் நடந்து, அவள் எழுதிக் கிடைத்த தண்ணீர் அவள் தோட்டத்துக்கு அடியிலேயே ஊருக்கு ஓடியது. ஊரில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஒன்னாலதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டில் தங்கச்செல்வி, "ஊருக்கே தண்ணி வந்துருச்சு, இன்னும் என்னம்மா உர்ருனு இருக்க?" என்று கேட்டபோது அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் பங்குனியில், மற்ற மரமெல்லாம் குச்சியாக நின்ற நேரத்தில், புங்கைகள் நாலைந்து தளதளவென்று துளிர்த்தன. பக்கத்து வேம்பும் அப்படியே. அவள் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். ஈரம். குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய்க் கசிந்துகொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஈரம் வெளியே தெரியாமல் கல்லை அடுக்கி, மேலே முள்ளைப் போட்டாள். சித்திரை, வைகாசி, ஆனி. பதினேழு மரம் நிமிர்ந்தது. ஒவ்வொரு நாளும் கல்லை நகர்த்திக் கையை வைத்துப் பார்த்துவிட்டு மூடுவாள். சந்தோஷப்பட்டாள் என்று சொல்ல முடியாது. திருடியின் பயம்தான் இருந்தது.

ஆடி மாதம் முத்துத்தாய் குடத்தோடு ஸ்டேஷனுக்கு வந்து, பயணிகள் குழாயைத் திறந்துவிடச் சொன்னாள். அவளுக்கு அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது.

"ஏன்க்கா, ஒங்க தெருவுலதான் குழாய் இருக்கே?"

"கெழக்குத் தெருவுக்கு ரெண்டு மாசமா ஏறவே இல்லடி. மேக்குத் தெருவோட நின்னுபோகுது. எங்கயோ அங்கிட்டுக் களவு போகுது தண்ணி."

முத்துப்பேச்சி குழாயைத் திறந்துவிட்டாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பஞ்சாயத்துக் குழாய்க்காரரைத் தானே போய்க் கூட்டி வந்து, கல்லைப் புரட்டிக் காட்டினாள். அவர் ஒரு மணி நேரத்தில் இணைப்பைச் சரி செய்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அந்தக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வேலிக்கு வெளியே வீசினாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் முத்துத்தாய் வந்தாள்.

"எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?"

"அஞ்சு மாசமா."

முத்துத்தாய் திட்டினாள். அவளும் அவள் மருமகளும் தண்ணீர் ஏறாத ரெண்டு மாதமும் சுமந்த ஒவ்வொரு குடத்தையும் சொல்லித் திட்டினாள். முத்துப்பேச்சி நின்று கேட்டாள். திட்டி ஓய்ந்து முத்துத்தாய் புங்கை நிழலில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்குத்தானா?"

"ஆமா."

"எத்தன மரம்டி?"

"பதினேழு."

"தெனமும் ஒரு கொடம் நான் கொண்டாந்து ஊத்துதேன். அதுக்கு மேல கேக்காத."

"ஒரு கொடம் பதினேழு மரத்துக்குக் காணுமா?"

"காணாதுதான். எங்கிட்ட இருக்கது அம்புட்டுத்தான்."

சொன்னபடி சில நாள் கொண்டு வந்தாள். சில நாள் மறந்தாள், சில நாள் முடியவில்லை. முத்துப்பேச்சி தன் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் துவைத்த தண்ணீரையும் சுமந்து ஊற்றினாள். ஐப்பசி மழை வருவதற்குள் ஆறு மரம் போயிற்று. பதினொன்று நின்றது.

1997இல் ஆவாரங்குளத்தில் மாஸ்டர் வேலையை எடுத்துவிட்டு, டிக்கெட் கொடுக்க மட்டும் ஒரு ஏஜென்டை வைத்தார்கள். முத்துப்பேச்சியை அருப்புக்கோட்டை டவுன் ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் தோட்டம் காண்டிராக்டில் இருந்தது. அவள் செடிப் பக்கம் போனால், "ஒங்க வேல இது இல்லம்மா" என்று காண்டிராக்ட் ஆள் சொன்னான்.

லீவு நாளில் பாசஞ்சர் ஏறி ஆவாரங்குளத்துக்கு வருவாள். முதல் தடவை வந்தபோது முத்துத்தாய் வாங்கரிவாளால் வேப்பங் கொப்பை இழுத்து இழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். கீழே பத்துப் பன்னிரண்டு ஆடு நின்றது.

"என்னக்கா செய்தே நீ!"

"கொழ ஒடிக்கேன். கண்ணு தெரியலையா?"

"நான் புள்ள மாதிரி வளத்த மரம் அது!"

"வளத்தது நீ. கடைசில தண்ணி ஊத்துனது யாரு? எனக்கும் பாதிப் பங்கு உண்டு" என்றாள் முத்துத்தாய், அரிவாளை நிறுத்தாமல்.

அன்றைக்குச் சாயங்கால வண்டி வரும் வரை சண்டை போட்டார்கள். கடைசியில், ஆள் உயரத்துக்குக் கீழே இருக்கும் கொப்பை மட்டும் ஒடிக்கலாம், ஒரே மரத்தில் அடுத்தடுத்து இரண்டு மாதம் கை வைக்கக் கூடாது என்று பேசி முடித்தார்கள். முத்துத்தாய் ஒப்புக்கொண்டாள். அடுத்த மாதம் வந்தபோது ஆள் உயரத்துக்கு மேலே நடுக் கொப்பு ஒன்று போயிருந்தது. முத்துப்பேச்சி பையைக் கீழே வைத்துவிட்டு, அவளைத் தேடிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள்.